நாலு சிவப்பு வட்டம்

இராயபுரம்,
11–10–1952

அன்புள்ள பேத்தி சுகிர்தத்துக்கு ஆச்சி ஞானபாக்கியம் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் வீட்டில் எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் கடல்காற்றோடு சேர்ந்துகொண்டு என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் ஜெபராஜுக்கு ஹார்பரில் சூப்பர்வைசர் வேலை நிரந்தரமாகிவிட்டது. ரோஸ்மேரி நர்ஸ் பரீட்சையில் முதல் வகுப்பு. வெள்ளைத் தொப்பியோடு கோவிலுக்கு வந்தாள், பாட்டு நடுவிலேயே எல்லாத் தலையும் திரும்பியது. சின்னவன் செல்வின் கணக்கில் நூறு வாங்கிவிட்டு, அக்கா வாங்காததா என்கிறான். நாலாவது நீ. சீமையில் உட்கார்ந்து நட்சத்திரம் அளக்கிற பேத்தி, இந்த ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வேறு யாருக்கு இருக்கிறாள்?

அதனால்தான் எனக்கு ஆறவில்லை. இப்போது வந்த உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டேன். பந்து மாதிரி நெருங்கிக் கிடக்கிற அந்த நட்சத்திரக் கூட்டத்தை, கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளி விடாமல் லென்ஸ் வைத்து இரண்டு வருஷம் அளந்தது யார்? நீ. மொத்தக் கூட்டமும் ஒரே காலத்தில் பிறந்து கிழடு தட்டியது, நீலமாய்ச் சுடர்விடும் இளசுகள் அதில் மிஞ்சியிருக்கக் கூடாது என்று அஞ்சாம் வகுப்புக்காரி எனக்கே விளங்க எழுதினாய். அப்படியும் நாலு மட்டும் இளசாய் நிற்கிறதைக் கண்டது யார்? நீ. உன் பேராசிரியன் அன்றைக்கு என்ன சொன்னான்? அவை கூட்டத்தைச் சேர்ந்தவையே அல்ல, நமக்கும் கூட்டத்துக்கும் நடுவழியில் நிற்கிற வழிப்போக்கர்கள், நோட்டில் அடித்துவிடு என்றான். பெரியவர் சொல்கிறாரே என்று நீயும் அடித்தாய். இப்போது அதே நாலையும் தன் பேரில் மட்டும் அச்சில் போட்டுக்கொண்டான். கேட்டால், நீயேதானே அடித்தாய் என்று நோட்டைக் காட்டுகிறானாம்! எத்தனை நெஞ்சழுத்தம்! நம் கருப்பட்டிக் கடைக் கிட்டங்கியில் சிப்பம் தூக்குகிற உச்சிமாகாளிகூட, அடுத்தவன் தூக்கியதை நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டான்.

உன் அப்பன், விட்டுத் தொலைத்துவிட்டுக் கிளம்பி வரச் சொல்லு என்கிறான். நீ வாயை மூடு, அவள் தோற்றுப்போய் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் மாதம் நீ அனுப்பிய போட்டோவில் நாலையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தேதியும் போட்டிருக்கிறாய், அது ஒன்றுதான் சாட்சி, முப்பதாம் தேதி பல்கலைக்கழக விசாரணைக்குள் அனுப்பு ஆச்சி என்று கேட்டிருக்கிறாய். ஏட்டி சுகிர்தம், இனி எழுதுவதை உட்கார்ந்து வாசி.

வானத்தை எடுத்த போட்டோவில் வானம் கருப்பாகவும் நட்சத்திரம் வெள்ளையாகவும்தானே இருக்கும்? இது வெள்ளைத் தாள் முழுக்கக் கரும்புள்ளிகள்; உங்கள் வானப் படத்தில் நிறம் தலைகீழாய் இருக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வூட்டுக் கன்னியம்மா எட்டிப் பார்த்து, இன்னா ஆயா, கப்பல்ல வந்ததுல பூசணம் பூத்துக்கீது, கலீஜா கீதே, தொடச்சிப் போடு என்றாள். நம் கடையில் பூஞ்சை பிடித்த சிப்பத்துக்குச் சிவப்பு வட்டம் போடுவதும், ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைப்பதும் உனக்குத் தெரியாததா? கூட வந்த கடிதத்திலோ நட்சத்திரம் எது எங்கே என்றுதான் இருந்தது, சிவப்பு வட்டம் என்ற பேச்சே இல்லை. பாழ்பட்ட இடத்துக்கு எவனோ தபால்காரன் குறி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். துணியை நனைத்துத் துடைத்தேன். கரும்புள்ளி ஒன்றுகூடப் போகவில்லை. உன் சிவப்பு மைதான் போயிற்று, தேதியும் சேர்த்து.

கன்னியம்மாவைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அவள் என்ன செய்வாள், துணி என் கையில்தானே இருந்தது.

நேற்று ரோஸ்மேரி அந்தப் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். வட்டம் இருந்த நாலு இடத்திலும் தேதி எழுதிய ஓரத்திலும் மட்டும் பளபளப்பு செத்துப்போயிருக்கிறது. சிவப்பு இருந்த இடத்தில்தானே நான் அழுத்தித் தேய்த்தேன். போட்டோவோடு கூட வந்த உன் கடிதமும் வேதப்புத்தகத்துக்குள் உறையோடு பத்திரமாக இருந்தது. நாலு நட்சத்திரத்துக்கும் உங்கள் நாலு பேர் பெயரையும் வைத்து, நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டும் அண்ணனும் ரோஸ்மேரியும், வலது ஓரத்தில் செல்வின், இடது மூலையில் தனியாய் நிற்பது நான் என்று நீதான் எழுதியிருக்கிறாய். பளபளப்பு போன இடங்களும் அப்படியே இருக்கின்றன. உறையின் மேல் உங்கள் ஊர் முத்திரை, ஜூன் பதினாலு. அதையும் அவனே அடிக்கச் சொன்னானா என்று கேள்.

போட்டோ, அந்த ஜூன் கடிதம், உறை மூன்றையும் இந்தக் கடிதத்தோடு ஏர்மெயிலில் ரிஜிஸ்டர் செய்கிறேன். போஸ்ட்மேன் கமால், ராணியம்மாவா இருந்தாலும் கையெய்த்துப் போட்டுதான் வாங்கிக்கணும் ஆயா, பேஜார் ஆவாதே என்று தைரியம் சொன்னான். அந்தக் கடிதத்தை நான் தினமும் வாசிப்பேன். விசாரணை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடு.

விசாரணையில் அழாதே. மன்னிப்பும் கேட்காதே. கேட்க வேண்டியவள் நான், உன்னிடம். கர்த்தர் உன் நாவில் நிற்பாராக.

எல்லாம் முடிந்தபின் புதுப் போட்டோ ஒன்று அனுப்பு. நட்சத்திரத்தை எடுத்தது வேண்டாம். அந்த லென்ஸ் பக்கத்தில் நீ நிமிர்ந்து நிற்கிற மாதிரி, முகம் தெரிய. முகத்தில் கரும்புள்ளி இருந்தாலும் இருக்கட்டும், நான் துணியோடு கிட்டே போக மாட்டேன்.

உன் ஆச்சி,
ஞானபாக்கியம்