யன்னல் இல்லாத சுவர்

அக்கா,

மகள் நேற்று ஆள் பிடித்து, குசினிக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு போடுவித்தாள். இன்று காலை அம்மிக்கு மேலே வெளிச்சம் நேராக இறங்கி நின்றது. உடனே உங்கள் ஞாபகம்.

மகள் சின்னவளாக இருந்தபோது, கறுவாத்தோட்டத்தில் புதிதாகக் கட்டிய சித்திரக்கூடத்துக்குப் போனோமே! சனிக்கிழமைகளில் அங்கே படம் கீறப் போகவேண்டுமென்று மகள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். இவர், "உம்மட விருப்பம்" என்று என் தலையில் போட்டுவிட்டார். உள்ளே துணியில்லாத ஆட்களின் படங்கள் இருக்குதாம் என்று எங்கள் கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை. கண்ணால் பார்க்காமல் பிள்ளையை விடமாட்டேன் என்று அப்போது அடுத்த வீட்டில் இருந்த உங்களைத் துணைக்கு இழுத்துப் போனேன்.

துரைமார் கார்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய தூண்கள், அகலப் படி, வெள்ளைச் சுவர். அத்தனை நீளச் சுவரில் ஒரு யன்னல் இல்லை! கணக்கு எழுதிப் பழகிய புத்தி, இருக்கவேண்டியது இல்லையென்றால் விடாது. கட்டடத்தைச் சுற்றி வந்தேன். பின்பக்கமும் இல்லை.

"யன்னல் வைக்காத வீட்டில என்ன நல்ல காரியம் நடக்கும் அக்கா?"

"களவெடுக்க வந்தவள் மாதிரிச் சுத்தாதையடி, பிடிச்சுக் குடுக்கப்போறாங்கள்."

காவற்காரனிடம் நீங்கள்தான் சிங்களத்தில் கேட்டீர்கள். வெயில் பட்டால் படம் வெளிறிவிடுமாம்; அதனால் வெளிச்சத்தைக் கூரையால் எடுத்திருக்கிறார்களாம். நான் நம்பவில்லை. ஆனால் யன்னலோரம் மாட்டிய எங்கள் வீட்டு இயேசுவின் திரு இருதயப் படத்தின் சிவப்பு வெளிறிப்போனது நினைவுக்கு வந்தது.

உள்ளே உயர்ந்த மண்டபம். ஒரு சத்தமில்லை. கூரைக் கண்ணாடியால் வெளிச்சம் பால்போல இறங்கிக்கொண்டிருந்தது. மாதா கோயிலுக்குள் நுழைந்ததுபோல என் வலது முழந்தாள் தானாக மடிந்தது. கை சிலுவை போட்டது.

"எழும்படி, அது எருமை!"

எதிர்ச்சுவர்ப் படத்தில் சேற்றில் ஒரு எருமை படுத்திருந்தது. நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தீர்கள். வெட்கத்தை மறைக்க நான் மூலை மூலையாகத் தேடினேன். துணியில்லாமல் இருந்தது ஒரே ஆள்தான்: பாயில் கிடந்த கைக்குழந்தை.

படியிறங்கும்போதும், "வேறு அறை ஏதும் பூட்டி வைச்சிருப்பாங்களோ?" என்றேன்.

நீங்கள் நின்றீர்கள். "நீ முழந்தாள் போட்ட இடத்துக்குப் பிள்ளையை விடப் பயமோ?"

அந்தச் சனிக்கிழமையே மகள் போனாள்.

புதுக் கட்டடம் எதைக் கண்டாலும் இப்போதும் முதலில் யன்னலைத்தான் தேடுகிறேன். சந்தேகம் என்னோடு பிறந்தது, போகாது. யன்னல் இல்லையென்றால் அண்ணாந்து கூரையையும் பார்க்கிறேன். அது உங்களால் வந்தது.

இன்று அம்மியடியில் முழந்தாள் கொஞ்சம் மடிந்துவிட்டது, அக்கா. எதிரே சுவரில் எருமைக்குப் பதில் அரிசி புடைக்கிற சுளகு தொங்கியது. சிரிக்க நீங்கள் பக்கத்தில் இல்லை. நானேதான் எழும்பினேன்.