நோராவின் துணிக்குக் கஞ்சி போட்டது

ஸ்ரீரங்கம்,
ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு காலை

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. டெக்லனின் அம்மா நோரா கொண்டுவந்த துணிக்கெல்லாம் நான் கஞ்சி போட வைத்துவிட்டேன், அவரும் வாயைத் திறக்காமல் அதையே மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். நடந்தது இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது. முதலில் நலம் சொல்லிவிடுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது, கடையில் தீபாவளிச் சரக்கு நன்றாக ஓடியது, நைட்டியில் பெரிய சைஸ் ஒன்றுகூட மிச்சமில்லை. நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ முழுசாகக் கேட்கமாட்டாய், முடிவைச் சொல்லும்மா முடிவைச் சொல்லும்மா என்று பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். இந்தக் கடிதத்தை நோரா தன் பையில் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். அதுவரை எதுவும் சொல்லக்கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் தைரியமாகவே எழுதுகிறேன், நீ படித்துக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகவே பேசியாகிவிட்டது.

நீ டெக்லனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது நான் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னது உனக்கு வருத்தம்தான், தெரியும். வேறு நாடு, வேறு சாமி, வேறு சாப்பாடு என்று கவலையே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன், இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது, அதை உன்னிடம் சொல்லவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறேன், தோளில் பையைப் போட்டு வீடு வீடாக நைட்டி விற்ற காலத்திலிருந்து ஆட்களைப் பார்த்துவருகிறேன். சரக்கு சரியில்லை என்று சண்டை போடுகிறவர்கள் மறுபடியும் வருவார்கள். நல்லா இருக்குங்க என்று சிரித்துக்கொண்டே போகிறவர்கள் போனது போனதுதான், என்ன குறை என்று நமக்குக் கடைசிவரை தெரியாது. நீ வாழப்போகிற வீடு எந்த மாதிரி என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. மனசில் வைத்துக்கொண்டு சிரிக்கிற வீட்டில், அதுவும் கடல் தாண்டி, உன்னைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மூன்று வாரம் தென்னிந்தியா சுற்ற வந்த மனுஷி, விமானத்துக்குள் கையோடு எடுத்துப்போகிற அளவில் ஒரே ஒரு பையோடு வந்து நின்றார். மூன்று செட் துணி, அவ்வளவுதான். எனக்கு அங்கேயே பாதி பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள். தினமும் ராத்திரி லாட்ஜ் வாஷ்பேசினில் சாக்ஸை உருட்டி ஓட்டையை அடைத்துவிட்டு, குளிக்கிற சோப்பாலேயே துவைத்து, கட்டில் காலிலிருந்து ஜன்னல் கம்பிக்குக் கயிறு கட்டிக் காயப்போடுவாராம். அவர் ஊரில் இரண்டு நாள் மழைச் சாரலிலும் காற்றிலேயே காய்ந்துவிடுமாம், இங்கே வெயில் ஊர்தானே, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று நினைத்து ஐப்பசியில் கிளம்பி வந்திருக்கிறார். கொடைக்கானலில் காயவில்லை, மதுரையில் காயவில்லை. மதுரையில் மின்விசிறி இறக்கையில் சாக்ஸைத் தொங்கவிட்டுச் சுவிட்சைப் போட, ஒன்று பறந்து போய் ரூம் பையன் கொண்டுவந்த காபியில் விழுந்ததாம். இங்கே சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் நான் பார்க்கப் போனபோது அந்த அறை, மழையில் நனைந்த மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த வாடை அடித்தது. இந்தப் பையை எடுங்க, நம்ம வீட்டுக்கு வாங்க என்று சொல்லிக் கையோடு அழைத்துவந்துவிட்டேன்.

உள்ளாடைகளை அவரே துவைத்துக்கொண்டார், மற்றதை நான் வாங்கி நம் லாண்டரி சவரிநாதனிடம் கொடுத்தேன். அவர் கடையில் ஹீட்டர் போட்டு மழையிலும் காயவைத்துத் தருவார் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டிலிருந்து போகிற துணி என்றால் எப்போதும் கெட்டிக் கஞ்சிதானே, அப்பா வேட்டி, என் காட்டன் புடவை, தலையணை உறை வரைக்கும். வழக்கம்போல வாய் சொல்லிவிட்டது, சவரிநாதன், நல்லா கெட்டியா போடுங்க, வெளியூர் விருந்தாளி துணி என்று. அவரும் மரியாதை குறையக்கூடாது என்று ஒரு கரண்டி கூடவே போட்டிருக்கிறார். மறுநாள் லினன் பேண்டைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார், அது தானாக நின்றது. இரவில் போட்டுக்கொள்கிற டி-ஷர்ட் முதுகில் அப்பளம் மாதிரி மொறமொறத்தது. நோரா பேண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லி அதையே மாட்டிக்கொண்டார். கோயிலுக்கு அழைத்துப்போனோம். பிரகாரத்தில் கூட்டமில்லை, அவர் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் சரக் சரக் என்று சத்தம், முன்னால் போன மாமி ஒருத்தர் யாரோ பின்னாலேயே காகிதப் பையோடு வருவதாக நினைத்து நின்று வழிவிட்டார். அப்பா சிரிப்பை அடக்கத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்காரும்போது அந்த அம்மா முகம் சுளிப்பதைப் பார்த்தேன், கேட்டால் வசதியாக இருக்கிறது என்கிறார். இட்லி எப்படி என்றால் அருமை, கொசு கடிக்கிறதா என்றால் இல்லவே இல்லை. ராத்திரி அப்பாவிடம் சொன்னேன், இது சரிவராதுங்க, இவங்க உள்ள வச்சுக்கிற ஆளு, நம்ம பொண்ணு காலம் முழுக்க இவங்க முகத்தைப் படிச்சுக்கிட்டே நிக்கணும் என்று. அப்பா, உனக்குக் குத்தம் சொன்னாலும் கோபம், சொல்லலைன்னாலும் கோபம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன் தர்ஷினி, உள்ளதைச் சொல்கிறேன்.

அடுத்த நாள் கடைக்கு அழைத்துப்போனேன். புதுக்கோட்டையிலிருந்து முகம்மது கனி கொள்முதலுக்கு வந்திருந்தார். என் கடையிலேயே நல்ல கனமான டர்க்கி டவல் ஒன்றை முதல் நாளே நோராவுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தேன், எப்படி இருக்கிறது என்று கனி முன்னால் பெருமையாகக் கேட்டேன். அந்த அம்மா வாயைத் திறந்தார், மூடினார், முகம் சிவந்தது. பிறகு கூஜாவிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்துக் கல்லாவில் கிடந்த புது டவல் மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. பிரேமா, உன் டவல் தண்ணீர் குடிக்கவில்லை, இரண்டு நாளாக ஈரத்தோடுதான் துணி உடுத்துகிறேன், அந்தக் கஞ்சி என் தொடையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிட்டது, உன் வீட்டுக் கொசு என்னைத் தின்றுவிட்டது, இட்லி மட்டும் உண்மையிலேயே அருமை என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. புது டவலில் நூல் பசை இருக்கும், இரண்டு தடவை அலசினால்தான் தண்ணீர் இழுக்கும் என்றேன். அப்படியானால் அதை ஏன் டவலில் எழுதி ஒட்டவில்லை என்று கேட்டார். கனி பில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், அக்கா, பத்து வருஷமா நான் கேக்கணும்னு நினைச்சதை இவங்க கேட்டுட்டாங்க, உங்களுக்குச் சரியான சம்பந்தி என்றார். சம்பந்தி என்றால் என்ன என்று நோரா கேட்க, நானே சொன்னேன். எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எங்க அம்மாகிட்ட எதையும் குறை சொல்லாதீங்க, எது கொடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க என்று நீதான் சொல்லி அனுப்பினாயாமே. கெடுத்தாய் போ. நீ பாடம் நடத்தியதில் ஒரு நல்ல மனுஷியை நான் கைவிடப் பார்த்தேன். இனிமேல் என்னைப் பற்றி யாருக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்காதே, என்னைச் சமாளிக்க அவரவர்க்குத் தெரியும்.

அன்றைக்கே கீழ்த்தட்டிலிருந்து அப்பா உபயோகிக்கிற ஈரிழைத் துண்டை எடுத்துக் கொடுத்தேன், மெல்லியது, விலையும் குறைவு, அதனாலேயே விருந்தாளிக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை அலசி, அந்தத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்து முறுக்கினோம். துண்டு ஈரத்தை எல்லாம் வாங்கிக்கொண்டது, மொட்டைமாடிக் கொடியில் போட்ட சட்டை அடுத்த மழைக்குள் காய்ந்தே விட்டது. அதன் பிறகு அந்த அம்மா தோளில் ஈரிழைத் துண்டு இல்லாமல் வாசலைத் தாண்டவில்லை, சித்திரை வீதியில் அவர் நடந்ததைப் பார்த்தால் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. அந்த மொட்டைமாடியிலேயே, கையில் கிளிப்போடு, கல்யாணத்தைப் பேசினோம். அப்பா மொழிபெயர்க்க வந்தார், நான் ஒரு வரி சொன்னால் அவர் மூன்று வரி தேன் தடவினார், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைக் கீழே காபி போட அனுப்பிவிட்டோம். என் கடை இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. பட்டுப்புடவைக்கு நான் பிடிவாதம் பிடித்தேன், துவைக்க முடியாத துணியை எதற்கு வாங்குவது என்று அவர் ஒரேயடியாக நின்றார், பிறகு முகூர்த்தத்துக்கு மட்டும் என்று இறங்கினார். நான் கல்யாணத்துக்கு அடுத்த ஐப்பசி என்று ஆரம்பித்தேன், துணி காயாத மாதமா என்று அவர் கொடியைக் காட்டினார், நான் இறங்கினேன்.

ஆகவே கண்ணு, அழுவதாக இருந்தால் இப்போது அழுதுகொள். ரங்கநாதர் உன்னையும் அந்தப் பையனையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும், குறை வந்தால் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், என் ஆசீர்வாதம் அதுதான். நோரா கொண்டுவருகிற பருப்புப்பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் போடு, கூட அனுப்புகிற டவலை இரண்டு தடவை அலசிவிட்டு உபயோகி.

பேசி முடித்தது இது. கல்யாணம் தை மாதம், ஸ்ரீரங்கத்தில், செலவு பாதிக்குப் பாதி. பட்டு முகூர்த்தத்துக்கு மட்டும். அவர்கள் பக்கத்துத் துணி எதற்கும் கஞ்சி கிடையாது. பிறகு அவர்கள் ஊரில் நடக்கிற விருந்தில் வருகிறவர்களுக்குக் கொடுக்க ஈரிழைத் துண்டு நூற்றைம்பது, எப்படி அலச வேண்டும் என்று எழுதி ஒட்டி, அனுப்புகிற செலவு அவர்களுடையது, துண்டு ஒன்று எண்பது ரூபாய், அடக்க விலை, லாபம் வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரேமலதா ரங்கசாமி