யோசெப்பினுக்குக் கொடுத்த டயர்கள்

12 ஒக்டோபர் 2025, ஞாயிறு

டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து எங்கள் பிரிவுக்குக் காலை ஐந்து மணிக்கு வேலை. கேக் தொழிற்சாலையின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மொன்ட்ரியால்-நோரில் இருந்து அந்த நேரத்துக்கு லாவாலில் போய் நிற்க பஸ் இல்லை. ஆக, கார்தான். கார் என்றால் குளிர்கால டயர். அரசாங்கமும் அதே டிசம்பர் முதலாம் திகதியைத்தான் கட்டாயம் என்று வைத்திருக்கிறது.

போன குளிர்காலம் முழுக்க நான் காரைத் தொடவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் பனிக்குள் புதைந்து கிடந்தது. இவர் கேட்டபோது முழங்கால் நோகிறது என்று சொன்னேன். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. யோசெப்பின் செத்த பிறகு பனியில் ஓட்டப் பயம்.

எழுதிவிட்டேன். பதினொரு மாதமாக இந்தக் கொப்பியில் அந்தப் பெயரை எழுதாமல் இருந்தேன்.

14 ஒக்டோபர், செவ்வாய்

இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மலிவுச் சாமான் தேடுவதென்றால் என் புருசன் நடராசாவுக்குச் சாப்பாடும் வேண்டாம். ஃபோனை நீட்டி நீட்டிக் காட்டுகிறார். "இஞ்ச பார், நாலு டயர், ரிம்மோட. ஒரு சீசன்தான் ஓடினதாம்."

"எந்த வருசத்து டயர்?"

"அதெல்லாம் ஆர் பாக்கிற? வெட்டுத் தேயேல்ல, பூ நல்லா இருக்கு."

பூ நல்லா இருக்கு. இதே வார்த்தையை நானும் ஒருநாள் சொன்னேன். எழும்பிப்போய்க் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

18 ஒக்டோபர், சனி

பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்தால் போதும், ஆள் இருக்கிறதென்று நினைத்து, பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தும். கனமான பை வைத்தால் எந்தக் காரும் அப்படித்தான் செய்யும் என்று இவர் சொல்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்தும் இன்றைக்குப் பாதையோரம் நிறுத்திவிட்டு அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நாலு வருசம் யோசெப்பின் அதில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவள். திருகோணமலைக்காரி, என்னைவிட எட்டு வயது இளமை, வாய் ஓயாது. இரண்டு சிக்னல் தாண்டும் வரைக்கும் பெல்ட் போட மாட்டாள். "கொஞ்சம் கத்தட்டும் அக்கா, அதுக்கும் பொழுதுபோக வேணாமா?"

இருக்கையை இன்னும் நான் முன்னுக்குத் தள்ளவில்லை. அவள் காலை நீட்டி விட்டபடியே கிடக்கிறது.

21 ஒக்டோபர், செவ்வாய்

வேலை முடிந்து வில்லரேயில் டனிஸ்ரனின் டயர் கடைக்குப் போனேன். எங்கள் பக்கத்துப் பொடியன், மட்டக்களப்பு. பாரமில்லாத சின்னக் காருக்குப் பெரிய பெயர் போட்ட டயர் தேவையில்லை என்றான். ஒல்லி டயர் பனியை வெட்டிக்கொண்டு போகுமாம். அகலம் கூடியதுக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்றான். பக்கவாட்டில் மலைக்குள் பனிச்செதில் படம் இருக்க வேண்டும், எல்லாப் பருவத்துக்கும் என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது.

"மத்தது இது." டயரின் விளிம்பில் நாலு இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினான். "முன் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம். ரப்பர் காஞ்சா பூ இருந்தும் பிரயோசனம் இல்ல அக்கா."

தெரியும் என்றேன்.

"பரவால்லையே. ஒருத்தருக்கும் தெரியாது இது."

எனக்குத் தெரியும், தம்பி. அதுதான் பிரச்சினை.

22 ஒக்டோபர், புதன்

நித்திரை இல்லை. 3815. 3815.

26 ஒக்டோபர், ஞாயிறு

இவர் வெளியே போயிருக்கிறார். இன்றைக்கு எழுதி முடித்துவிடப் போகிறேன். முடிக்காமல் டயர் வாங்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

போன வருசம் ஏப்ரல். குளிர்கால டயரைக் கழற்றிய, இந்தத் தெருக் கோடியில் இருக்கிற கராச்காரக் கிழவன், நாலையும் வரிசையாகச் சாய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். அந்த இலக்கத்தைக் காட்டினான். 3815. இரண்டாயிரத்துப் பதினைந்து, முப்பத்தெட்டாம் கிழமை. நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னான். நகம் இறங்கவில்லை. "மரம் மாதிரி, மேடம். இதை இனிப் பூட்ட வேண்டாம்." என் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனால் அன்றைக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. களஞ்சிய அறையில் வைத்தேன், வெண்கட்டியால் மு.இ, மு.வ, பி.இ, பி.வ என்று முன், பின், இடது, வலதுக்குக் குறிகூடப் போட்டேன், என்னவோ அடுத்த வருசமும் பூட்டப் போகிறவள் மாதிரி.

ஆகஸ்டில் யோசெப்பின் கார் வாங்கினாள். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக வேறு ஷிப்டுக்கு மாறியிருந்தாள். என் காரைப் போலவே ஒரு கார், நான் சொல்லித்தான் வாங்கினாள். குளிர்கால டயரும் இப்பவே பார்க்க வேண்டும் என்றாள். அப்போதுதான் வாய் திறந்தேன். "நீ ஒண்டும் வாங்காத. என்னட்ட நாலு கிடக்கு, உனக்கு அப்பிடியே பொருந்தும். பூ நல்லா இருக்கு. நான் எனக்குப் புதுசு எடுக்கப் போறன்."

கராச்காரன் சொன்னதைச் சொல்லவில்லை. மறந்தேனா? மறக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அது ஞாபகத்தில் இருந்தது, ஒதுக்கிவிட்டேன். களஞ்சிய அறையில் இடம் வந்தது. கொடுத்த பெயரும் வந்தது. யோசெப்பின் என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது கூச்சம்கூடப் படவில்லை. அடுத்த கிழமை ஒரு டப்பா நிறைய மஸ்கட் அல்வா கிண்டிக் கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

நவம்பர் நடுவில் ஃபோனில் கேட்டேன், பூட்டியாச்சா என்று. "ஓம் அக்கா, போன ஞாயிறே பூட்டியாச்சு. நல்லாப் பிடிக்குது."

இருபத்திரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை காலை, லாவால் பாலத்தால் இறங்குகிற வளைவில் கார் சுழன்று தூணில் அடித்தது. சவ வீட்டில் எனக்குப் பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். டயர் பிடிக்கவில்லையாம்.

நான் எனக்குப் புது டயர் வாங்கவேயில்லை.

29 ஒக்டோபர், புதன்

அருமைநாதன் ஃபோன். யோசெப்பினின் புருசன். செத்த வீட்டுக்குப் பிறகு இரண்டு தரம்தான் பேசியிருக்கிறோம், இரண்டு தரமும் நான்தான் சுருக்கி வைத்தேன்.

"வசந்தினியக்கா, டயர் தேடுறீங்களாம். டனிஸ்ரன் சொன்னான்."

"ஓம் தம்பி."

"உங்கட நாலும் இஞ்ச எங்கட வீட்டுக்குக் கீழதான் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை வாங்க. பூசை முடிஞ்சு நான் நிப்பன்."

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்? உடைந்த காரிலிருந்து கழற்றி எடுத்திருப்பார், ரிம்மை ஆரும் எறிய மாட்டார்கள். அந்த டயர்களையே எனக்குத் திருப்பித் தரப் போகிறார். என் காரிலேயே பூட்டச் சொல்லப் போகிறார்.

ஃபோனை வைத்துவிட்டேன். எனக்கு வேணும். நல்லா வேணும்.

31 ஒக்டோபர், வெள்ளி

போக மாட்டேன்.

2 நவம்பர், ஞாயிறு

போனேன்.

இன்றைக்கு இறந்தவர்களின் திருநாளாம், அவர் கல்லறைக்குப் போய்வந்த உடுப்போடேயே இருந்தார். மெலிந்துவிட்டார். விபத்துக்குப் பிறகு அவர் எந்தக் காரிலும் ஏறுவதில்லை, எங்கே போனாலும் மெட்ரோவும் பஸ்ஸும்தான். தேத்தண்ணி தந்தார். குடித்து முடித்தேன். பிறகு படியால் கீழே கூட்டிக்கொண்டு போய் லைட்டைப் போட்டார்.

நாலும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. மேலே இருந்ததில் வெண்கட்டியில் மு.வ. என் எழுத்து. கீழே பி.இ. அதுவும் என் எழுத்து. ஒரு கோடுகூட அழியவில்லை.

ஒரு நாள் ரோட்டில் ஓடியிருந்தால் பனிக்குக் கொட்டுகிற உப்புத் தண்ணீரில் அது கழுவப்பட்டுப் போயிருக்கும்.

"தம்பி, இது ஓடின டயர் இல்லையே."

"இல்லக்கா. ஒருநாளும் பூட்டல்ல." கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "கராச்சுக்குக் கொண்டு போனவ. அவன் இந்த நம்பரைக் காட்டி, இத நான் பூட்ட மாட்டன் எண்டிட்டான். வீட்ட வந்து சிரிச்சா. மறுகா எனக்கிட்டச் சத்தியம் வாங்கினா. அக்கா ஆசையாத் தந்தவ, அறிஞ்சா மனம் நொந்துபோவா, கேட்டாப் பூட்டினம் எண்டே சொல்லுவம் எண்டு."

"அப்ப எந்த டயரில போனவ?"

"கோடை டயர்தான். வேற ஒரு செட் மலிவா நான் தேடித் திரிஞ்சன். அந்தா இந்தா எண்டு ரெண்டு கிழமை போச்சு. திங்கக்கிழமை பூட்ட நேரம் எடுத்திருந்த. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மழை உறைஞ்சு போச்சு." மேல் டயரைத் தொட்டபடி சொன்னார், "சத்தியத்த இவ்வளவு நாளும் காப்பாத்தின நான். நீங்களும் மலிவு தேடுறீங்க எண்டு கேள்விப்பட்டவுடன ஏலாமப் போச்சு. பூட்டுறதுக்கில்ல, உங்களுக்குச் சொல்லத்தான் கூப்பிட்ட நான்."

உண்மையை எழுதுகிறேன். முதலில் வந்தது ஆறுதல். என் டயர் இல்லை, என் டயர் இல்லை என்று உள்ளே ஒரு சத்தம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் மற்றது வந்து நின்றது. ஆகஸ்டிலேயே வாங்கப் போனவளை, நீ ஒண்டும் வாங்காத என்று சொன்னது யார்? நான் கொடுக்காமல் இருந்திருந்தால் செப்டெம்பரிலேயே நல்ல டயர் வீட்டுக்கு வந்திருக்கும். என் மனம் நோகக் கூடாதென்று அவள் பொய் சொன்னாள். அந்த மனத்தின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்.

சொல்லிவிட்டேன். "தம்பி, எனக்கு முதலே தெரியும். கராச்காரன் ஏப்ரலிலயே எனக்குச் சொன்னவன். தெரிஞ்சுதான் குடுத்த நான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். மேலே ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது.

"யோசெப்பினுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நல்லது" என்றார். படியேறிப் போய்விட்டார். லைட்டை அணைக்கவில்லை, கதவையும் மூடவில்லை. நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு நாலு தரம் ஏறி இறங்கினேன். அவர் வெளியே வரவில்லை.

4 நவம்பர், செவ்வாய்

நகரசபையின் பழைய சாமான் கழிக்கிற இடமான எக்கோசந்தருக்குக் கொண்டு போனேன். அங்கே நின்றவன் ஒரு குவியலைக் காட்டி, அதில் போடுங்கள் என்றான். கடைசி டயரைப் போடுவதற்கு முதல் கைலேஞ்சியால் வெண்கட்டி எழுத்தைத் துடைத்தேன். ஏனென்று தெரியாது. போன வருசம் ஏப்ரலில் செய்திருந்தால் இது கால் மணித்தியால வேலை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "புதுசே எடுப்பம்" என்றார்.

8 நவம்பர், சனி

டனிஸ்ரன் பூட்டினான். பெரிய பெயரில்லாத டயர், நாலும் இந்த வருசத்து, 2225. இலக்கம் எல்லாவற்றிலும் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரிப் பூட்ட முடியுமா என்று கேட்டேன். சிரித்தான். சுழல்கிற திசை இருக்கிறதாம், அதனால் காரின் ஒரு பக்கத்தில்தான் இலக்கம் வெளியே வரும், மற்றப் பக்கத்தில் உள்ளுக்குப் போய்விடும்.

"எந்தப் பக்கம் வரும்?"

"வலப்பக்கம். பக்கத்தில இருக்கிற ஆள் ஏறுற பக்கம்."

அது போதும் என்றேன்.

10 நவம்பர், திங்கள்

முதல் பனி. காலை லாவாலுக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். பாலம் இறங்கும் வளைவில் இருபதிலே ஊர்ந்தேன், பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். சாப்பாட்டுப் பையைப் பின் இருக்கையில்தான் வைத்திருந்தேன். ஒன்றும் கத்தவில்லை. அதுவும் நன்றாக இல்லை.

15 நவம்பர், சனி

அருமைநாதன் எனக்கு ஃபோன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. என்ன சொல்லி எடுப்பது?

19 நவம்பர், புதன்

எடுத்தார்.

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆண்டுப் பூசை. மகளை அத்தைக்காரி கூட்டிவாறா." ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. "பனி கொட்டுமாம். கோயிலடிக்குப் போற பஸ் பிந்தும்."

"நான் வரவா தம்பி?"

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"பத்து மணிக்கு வாங்க."

22 நவம்பர், சனி

பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கும்போதே போய்விட்டேன். கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றார், தோளில் பனி. எவ்வளவு நேரம் நின்றாரோ. உள்ளே இருந்தபடி பக்கத்துக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டேன்.

அவர் கதவைத் தொடவில்லை. குனிந்தார். கண்ணாடிக்குக் கீழே தலை மறைந்துவிட்டது. விழுந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, டயரில் அப்பியிருந்த பனியை வெறுங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் விளிம்பைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. வாசித்தார். எழும்பிப் பின் டயருக்குப் போனார். அங்கேயும் குனிந்து, துடைத்து, வாசித்தார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.

வந்து ஏறினார். இருக்கை பின்னுக்குத் தள்ளிக் கிடந்ததைக் கவனித்தார், அதை அசைக்கவில்லை. நான் காரை எடுத்தேன். முதல் சிக்னல். கார் கத்தத் தொடங்கியது. அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் பெல்ட்டைப் போட்டார்.