நாலு மணிக்கு மேல்தான் பௌர்ணமி

இன்று காலை பேப்பரைப் பிரித்தபோது அந்த மஞ்சள் நோட்டீஸ் மறுபடியும் மடியில் விழுந்தது. வேங்கிக்காலில் நாம் போவோமே, அதே ஹோட்டல்தான். ஒரு மீல்ஸ் வாங்கினால் இன்னொரு மீல்ஸ் இலவசம். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், பௌர்ணமி நாட்களில் இச்சலுகை செல்லாது. காபி ஆறும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கலெக்டர் ஆபீஸில் நம் மேஜைகள் எதிரெதிரே இருந்தன. இந்த நோட்டீஸ் வரும் மாதங்களில் ஒருநாள், டிபன் பாக்ஸை மேஜைக்கடியில் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடுவோம். கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாயங்காலம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் நான் தின்று தீர்த்தது வேறு கதை. "ஃப்ரீ தட்டு எனக்கு. அதுலதான் ருசி ஜாஸ்தி" என்பாய். இரண்டிலும் ஒரே சாம்பார்தான் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் நீ ஒத்துக்கொண்டதில்லை.

அந்த ஹோட்டல் கண்ணாடியில் நீல நிற கூலிங் பேப்பர் ஒட்டியிருப்பார்கள். வெளியே உச்சி வெயில் கொளுத்தும். உள்ளேயிருந்து பார்த்தால் மலை நிலா வெளிச்சத்தில் நிற்கும். ரோட்டில் போகிற பஸ்ஸும் ஆட்டோவும் சத்தமில்லாமல், தண்ணீருக்குள் நகர்வதுபோலப் போகும். ரசம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீ மலையையே பார்ப்பாய். பேச்சு தானாக நின்றுவிடும். ஃபைல், அதிகாரி, என் மாமியார் யாரும் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அங்கே போனேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஆஃபருக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒருமுறை நாள் பார்க்காமல் போய்விட்டோம். கிரிவலம் வந்த வெளியூர்க் கூட்டம் மேஜைகளை நிறைத்திருந்தது. "இன்னிக்கு பௌர்ணமிங்க மேடம், ஆஃபர் கிடையாதுங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். நான் திரும்பிவிட்டேன். நீ அசையவில்லை.

"அண்ணே, எத்தனை மணிக்கு ஆரம்பிக்குதுன்னு பாத்தீங்களா? சாயந்திரம் ஆறுக்கு மேலதான். இப்ப சதுர்த்தசி."

அவர் தலைக்கு மேல் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு உன் முக்காட்டைப் பார்த்தார். "நீங்க திதி சொல்றீங்களேம்மா" என்று சிரித்தார்.

"எங்க அத்தா தேரடி வீதியில துண்டு கடை வெச்சிருந்தாரு. பௌர்ணமி எப்ப வருது, எப்ப போவுதுன்னு தெரியலன்னா எங்க வீட்ல சோறு கிடையாது" என்றாய்.

இலவசத் தட்டு வந்தது. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே நீலக் கண்ணாடியைக் கண்ணால் காட்டி, "இங்க பௌர்ணமி வந்துடுச்சுடி, அவருகிட்ட சொல்லிடாத" என்று என் காதருகே சொன்னாய். எனக்குப் புரையேறிவிட்டது.

அதற்கப்புறம் உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மூன்று மாத விடுப்பு முடிந்து, பாதியாக இளைத்து ஆபீஸுக்கு வந்தாய். பையை வைத்ததும் கேட்டாய், "இன்னிக்கு ஹோட்டலுக்குப் போலாமா?" நோட்டீஸ் என் கைப்பையில்தான் இருந்தது. சுவர்க் காலண்டரில் பௌர்ணமி என்று பெரிதாகப் போட்டு முழு நிலாவும் வரைந்திருந்தது.

"இன்னிக்கு செல்லாது. நாளைக்குப் போலாம்" என்றேன்.

"சரி, நாளைக்கே போலாம்" என்றாய். காலண்டர் பக்கம் நீ திரும்பக்கூட இல்லை. ஒரு கத்தரிக்காய்க்குக்கூட விடாமல் வாதாடுகிறவள் நீ. அன்று வாதாடவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் நீ வரவில்லை. நாலாவது நாள் உன்னை அடக்கம் செய்தார்கள். அடுத்த நாள் ஆபீஸில், ஒருவரும் கிழிக்காமல் விட்டிருந்த காலண்டர் தாள்களைக் கிழித்தேன். அந்தப் பௌர்ணமித் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது, சதுர்த்தசி மாலை 4.10 வரை. நமக்கு மதியம் முழுவதும் இருந்திருக்கிறது. ஒரு இலவசச் சாப்பாட்டுக்காக உன்னை நாளைக்கு வரச்சொன்னேன், அதையும் சரியாகப் பார்க்காமல் சொன்னேன். இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் காலண்டரிலும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்கிறேன். இன்று காலையும் நோட்டீஸோடு எழுந்துபோய்ப் பார்த்தேன். பௌர்ணமி நேற்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. இன்று ராத்திரிதான் முடிகிறது. நீயே வந்து நின்றாலும் வாதாட வழியில்லை.

உன் மகளுக்குப் போன் செய்தேன். "மதியம் வேங்கிக்கால் வர்றியாம்மா? நானும் உங்கம்மாவும் போவோமே, அந்த ஹோட்டல்ல சாப்பிடலாம்."

"இன்னிக்கு பௌர்ணமி ஆன்ட்டி, ஆஃபர் இருக்காதே. நாளைக்கு வரட்டுமா?" அப்படியே உன் குரல்.

கையில் இருந்த நோட்டீஸை மடித்து மேஜைமேல் வைத்தேன்.

"ஆஃபர் இல்லன்னா பரவால்லம்மா. நாளைக்கு வேணாம். இன்னிக்கே வா."