தைலம் தடவிய முந்தானை

அக்கா,

இன்று காலை பெரம்பலூர் கண் டாக்டரின் அறையில் நர்ஸ் ஒரு சின்ன உறையைக் கிழித்து இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்தாள். மெல்லிசான வெள்ளைக் காகிதம், மேலே கோடு கோடாக அளவு போட்டது. நுனியை மடித்து உன் மகள் அரசியின் கீழ் இமைக்குள் செருகினாள். ஒரு கண்ணுக்கு ஒன்று. "கண்ண மூடிக்கங்க. அஞ்சு நிமிஷம் அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கன்னத்தில் இரண்டு காகிதம் தொங்க உன் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலில் நான். அதே காகிதம் உன் கண்ணில் தொங்கியதை ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் பார்த்தவள் அல்லவா. கண்ணீர் ஊறினால் காகிதம் மேலிருந்து நனைந்துகொண்டே வரும். பத்துக் கோட்டைத் தாண்டினால் கவலையில்லை என்று எனக்குத் தெரியும். உன் காகிதம் இரண்டாம் கோட்டுக்குக்கூட வராமல் நின்றதும் தெரியும்.

போன மாதம் அரசி போனில் சொன்னாள்: "கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு சித்தி." அவளுக்கு ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, அதனால்தான் இருக்கும் என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். நான் போனைக் கீழே வைத்தேன். அது உன் வார்த்தை அக்கா. ஒரு எழுத்து மாறாமல் உன் வார்த்தை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாதா. உன் வீட்டுக்காரரின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக் காட்டு நடுவே நம் வீட்டுக்கு வந்த முதல் நாளே நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். நான் உன்னை "நீங்க" என்று அழைத்தேன். "எனக்கென்ன நூறு வயசா ஆச்சு? நீன்னே சொல்லுடி" என்றாய். எனக்கு இடி என்றால் பயம், மாமியார் என்றால் பயம், ஊர் என்ன சொல்லுமோ என்று அதைவிடப் பெரிய பயம். "இவளுக்கு நெழலப் பாத்தாலும் குளுரு வந்துடும்" என்று எல்லோர் முன்னாலும் கேலி பண்ணுவாய். ஓரகத்திகள் இருவர் ஒரு அடுப்படியில் பதினெட்டு வருஷம் சண்டையில்லாமல் இருந்தோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நீ திட்டினால் நான் பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவேன், அவ்வளவுதான் ரகசியம்.

உன் கண்ணைப் பற்றி அப்போது எங்களுக்கு ஒரே சிரிப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் காற்றடித்தால் போதும், உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். ஜெயங்கொண்டத்தில் ஏறினால் அரியலூரில் இறங்கும்போது முந்தானை பாதி நனைந்திருக்கும். கண்டக்டர்கூட ஒரு தடவை, "என்னம்மா, வூட்டுல சண்டையா?" என்று கேட்டார். இன்னொரு பக்கம், வாசலில் முந்திரிக்கொட்டை சுடும்போது அந்தப் புகையில் நாங்கள் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடுவோம், பின்னாளில் நீ மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அங்கேயே நிற்பாய். ஒரு சொட்டு வராது. "அக்காவுக்கு மாட்டுத்தோலு" என்று சிரித்தோம். சோற்றை ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து இறக்குவாய். நாற்பத்தைந்து வயதில் பல் ஒவ்வொன்றாகப் போயிற்று. எல்லாம் ஒரே நோய் என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்கு எல்லாம் தனித்தனிக் கேலியாக இருந்தது.

பிறகு அந்தச் சாவு. உன் வீட்டுக்காரர் காலையில் காட்டுக்குப் போனவர் மாரடைப்பில் போய்விட்டார். மனுஷனைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். ஊர்ப் பெண்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். நீ தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாய். வாய் திறந்து அலறினாய், தொண்டை கட்டிப்போகும்வரை அலறினாய். கண் மட்டும் காய்ந்து கிடந்தது. சாயங்காலம் வரை "அதிர்ச்சி, பாவம்" என்றார்கள். மறுநாள் காலை வெளியூர்ச் சனம் வரத் தொடங்கியதும் பேச்சு மாறியது. நம் பெரிய நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "பஸ்ஸுல காத்தடிச்சா கொடங்கொடமா ஊத்துற கண்ணு. கட்டுனவன் செத்துக் கெடக்கான், ஒரு சொட்டு வரல பாரு."

நாளைக்கு இதையே சொல்லிச் சொல்லி உன்னை வாழவிட மாட்டார்களே என்று எனக்குப் பயம். அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். உள்ளே போனேன். மாடத்தில் தலைவலித் தைலம் இருந்தது. முந்தானை நுனியில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு வந்து, உன் முகத்தைத் துடைப்பது போல இரண்டு கண்ணிலும் அழுத்தித் துடைத்தேன். உன் உடம்பைத் தூக்கிவாரிப் போட்டது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாய். "என்னடி செஞ்ச?" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

வேறு யார் கண்ணாக இருந்தாலும் அருவியாய்க் கொட்டித் தைலத்தைக் கழுவித் தள்ளியிருக்கும். உன் கண்ணில் கழுவ எதுவும் இல்லை. தைலம் அங்கேயே நின்று எரித்தது. கொஞ்ச நேரத்தில் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்தன. நாத்தனார் பார்த்தார். "இப்பத்தான் அழுதிருக்கா. துக்கம் உள்ள அடைச்சிருந்திருக்கு" என்றார். சனம் திருப்தியாயிற்று. எனக்கும் மூச்சு வந்தது, அதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

கருமாதி முடியும்வரை தாலியறுத்தவள் வாசல்படி தாண்டக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். பதினாறு நாள் அந்த உள் அறையில் இருந்தாய். வெளிச்சம் குத்துகிறது என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். வந்தவர்களெல்லாம் "அழுது அழுது கண்ணே போச்சு" என்று பெருமையாகப் பேசிவிட்டுப் போனார்கள். உண்மை தெரிந்தவர் வீட்டில் இரண்டே பேர் என்று நினைத்திருந்தேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள், வழக்கமாவது ஒன்றாவது என்று என் வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு போயிருப்பார். ஆனால் சொன்னால் நான் என்ன ஆவேன் என்றுதான் நினைத்தேன். பதினாறாம் நாள் உன் தலையைத் துவட்டும்போது வலது கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்தேன்.

மறுநாள்தான் இந்தப் பெரம்பலூர் டாக்டரிடம் வந்தோம். "கண்ணுல என்ன பட்டுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார். "முந்திரித் தோப்புல தூசி விழுந்துச்சுங்க" என்றாய், என்னைப் பார்க்காமலே. இவ்வளவு பெரிய புண் இருந்தும் கண்ணில் தண்ணீர் இல்லையே என்று அவருக்குச் சந்தேகம். புண் கொஞ்சம் ஆறியதும் அந்தக் காகிதத்தை வைத்தார். பிறகு ரத்தம் எடுத்தார். முடிவு வந்த அன்று நமக்குப் பொறுமையாகச் சொன்னார்:

"கண்ணீருன்னா அழும்போது வர்றது மட்டும் இல்லம்மா. நாள் பூரா ஊறிக்கிட்டே இருக்கணும். கண்ணுக்கு மேல, வெளி ஓரத்துல ஒரு சுரப்பி இருக்கு, தண்ணி அங்கேருந்து வருது. இமை ஓரத்துல எண்ணெய் கசிஞ்சு, அந்தத் தண்ணி காஞ்சுடாம மூடி வைக்குது. அடியில ஒரு வழவழப்பு இருக்கு, தண்ணி கண்ணுல ஒட்டி நிக்க. ஒவ்வொரு தடவ சிமிட்டும்போதும் இமை இது மூணையும் கண்ணு முழுக்கப் பூசி விடும். மிச்சம், மூக்கோரம் இருக்குற குட்டி ஓட்டை வழியா மூக்குக்குள்ள எறங்கிடும்."

"அதான் அழுதா மூக்கு ஒழுகுதாங்க?" என்று நான் கேட்டேன். அந்த நிலைமையிலும் நீ சிரித்துவிட்டாய்.

"அப்ப இவங்களுக்கு ஏங்க பஸ்ஸுல அப்படி ஊத்துச்சு?"

"காஞ்ச கண்ணுல காத்துப் பட்டா எரியும். சுரப்பி பதறிப்போயி வெறுந்தண்ணியா ஊத்தும். அது கண்ணுல நிக்காது, வழிஞ்சுடும். தண்ணி ஊத்துதேன்னு நாம ஏமாந்துடுவோம். இவங்களுக்கு நோயை எதுக்குற சக்தியே தடம் மாறி, கண்ணீர் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் அழிச்சிருக்கு. வருஷம் போகப் போக, அழுதாலும் வராது."

அழுதாலும் வராது. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டு வாசலில் போய்க் கத்த வேண்டும் போல இருந்தது. பிறகு அந்த அம்மாவைவிடப் பெரிய குற்றவாளி நான்தான் என்று நினைவு வந்தது.

வலது கண்ணில் தழும்பு விழுந்து, வெளிச்சம் மட்டும் தெரியும் என்றாகிவிட்டது. திரும்பி வரும்போது உன் மடியில் விழாத குறையாக அழுதேன். நீ என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாய். "பயந்தா வாயால பயப்படு. கையால பயப்படாத" என்றாய். அதற்குப் பிறகு நான்கு வருஷம் மணிக்கொரு தரம் நான்தான் உனக்குச் சொட்டு மருந்து விட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும் நீ தைலத்தைப் பற்றிப் பேசுவாயோ என்று பயந்தேன். ஒருநாளும் பேசவில்லை. அந்த நோய் நுரையீரலுக்கும் போய், மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கொண்டுபோனது.

இன்றைய கதைக்கு வருகிறேன். ஐந்து நிமிஷம் கழித்து டாக்டரம்மா காகிதங்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது கண் எட்டு, இடது கண் நான்கு. "அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் கட்டாயம் வரணும்னு இல்ல. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே கண்ணு சிமிட்ட மறந்தாலும் காஞ்சுதான் போகும். ரத்தம் பாத்துடலாம், வியாழக்கிழமை வாங்க" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அழுதா கண்ணீர் வருதாம்மா?"

"கடைசியா எப்ப அழுதேன்னே ஞாபகம் இல்லிங்க மேடம்" என்று சிரித்தாள் அரசி.

எனக்கு ஞாபகம் இருந்தது அக்கா. நீ செத்த அன்று அவள் உன் காலடியில் உட்கார்ந்து "அம்மா அம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் போய்க் கட்டிக்கொண்டேன். கன்னத்தோடு கன்னம் வைத்தபோது அவள் கன்னம் காய்ந்திருந்தது. எனக்குச் சுரீரென்றது. நிமிர்ந்து பார்த்தால் சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கண்ணீரை அவள் முகமெல்லாம் ஒற்றினேன். தெரிந்துதான் செய்தேன். "பெத்தவளுக்கு எப்படி அழுவுது பாரு புள்ள" என்றார்கள். அதிர்ச்சியாக இருக்கும், அதிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று மூன்று வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு டாக்டர் கேட்டபோதும் ஸ்டூலில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் பஸ் அரியலூரைத் தாண்டியதும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். காய்ந்த கன்னத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தவும் முடியவில்லை, தைலத்தையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தைலம் எனக்குத் தெரியும் சித்தி. அன்னைக்கு அம்மா பக்கத்துல நாந்தான உக்காந்திருந்தேன். வாசனை வந்துச்சு."

"அப்புறம் ஏண்டி யார்ட்டயும் சொல்லல?"

"ஊருக்கு முன்னாடி அம்மா மானம் பொழச்சுதேன்னு இருந்துட்டேன். பதினாறு நாளும் கண்ணு செவந்து செவந்து வருது, பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "என் விசயத்த அப்பவே சொல்லியிருந்தா, மூணு வருசத்துக்கு முன்னாடியே பாத்திருக்கலாம்ல?"

இதற்கு உன்னிடமாவது பதில் இருக்கிறதா அக்கா?

ஜெயங்கொண்டத்தில் இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். உன்னைப் போலவே கொஞ்சம் முரட்டுப்பிடி. "வியாழக்கிழமை நீதான் கூட வர்ற. டாக்டர்கிட்ட நீயே வாயத் தொறந்து சொல்லு, அம்மா செத்தன்னைக்கு எனக்குக் கண்ணீர் வரலன்னு. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்."

"அழணும் போல இருக்கு சித்தி. அழுது பாத்து, வராம போயிட்டா என்ன பண்றதுன்னு அடக்கிக்கிட்டு இருக்கேன்."

அக்கா, நடு பஸ் ஸ்டாண்டில், அத்தனை சனம் பார்க்க, உன் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை நான் முந்தானையை எடுக்கவில்லை, அவளைத் தொடவில்லை.