ஐகுமுஷ் என்ற பெயரை எங்களிடம் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
ஜபார் மகள் புருலாய்,
பத்தாம் வகுப்பு மாணவி,
தாஷ்புலாக் கிராமம், நாரின்.

பெறுநர்:
வணிகச் சின்னப் பதிவு அதிகாரி அவர்கள்,
பிஷ்கேக்.

பொருள்: காலமான என் அக்கா ஐகுமுஷின் பெயரில் ஒரு தேன் நிறுவனம் பெற்றுள்ள வணிகச் சின்னப் பதிவை ரத்து செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

நடந்த அனைத்தையும் உண்மையாகப் பதிவு செய்கிறேன். எங்களுக்குப் பாதகமானவற்றையும் மறைக்கவில்லை. அப்பாவுக்கு இதை எழுதக் கை ஓடவில்லை. அவர் சம்மதத்தோடு நான் எழுதுகிறேன்.

1. நாங்கள் தேனீ வளர்க்கிறோம். அம்மா ஸூரா மாவட்டச் சந்தையில் கடை வைத்திருக்கிறார். முன்பு 'வெள்ளைத் தேன்' என்ற பெயரைப் பதிய விண்ணப்பித்தோம். அது பொருளின் தன்மையைச் சொல்லும் சொல், தேன் எடுக்கும் எல்லோருக்கும் பொது, ஒருவருக்கு மட்டும் தர இயலாது என்று தங்கள் அலுவலகம் மறுத்தது. அது நியாயமான பதில்.

2. அதைப் படித்த அக்கா, "அப்ப என் பேரை வைங்கப்பா. வெள்ளையும் இல்ல, இனிப்பும் இல்ல. எவனும் பங்குக்கு வர மாட்டான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் தேன் 'ஐகுமுஷ்'. விடுமுறை முடிந்து பிஷ்கேக்கில் கல்லூரிக்குத் திரும்பும்போது புது விண்ணப்பத்தைத் தானே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் நுரையீரலில் சளி கட்டி, பிப்ரவரியில் இறந்துபோனார். வயது இருபது.

3. முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தோம். ஆண்டுதோறும் எங்களிடம் மொத்தமாகத் தேன் வாங்கும் நிறுவனத்தின் உரிமையாளர் தாலாய்பெக், எங்கள் ஊர்த் துக்க வழக்கப்படி தெருமுனையிலிருந்தே கதறிக்கொண்டு வந்தார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்து, "ஜபார் அண்ணே, புள்ள பேரு மண்ணோட போயிரக் கூடாது. எங்க டப்பாவுல எல்லாம் போடுறோம். நாடு பூரா சொல்லட்டும்" என்று ஒரு தாளை நீட்டினார். அப்பா கூடார வாசலில் நின்றபடியே கையெழுத்திட்டார்.

4. இறந்தவரின் பெயரைப் பதிய வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்று பள்ளி நூலகத்தில் படித்தேன். அந்தத் தாள்தான் அந்தச் சம்மதம். கையெழுத்து அப்பாவுடையதே, யாரும் மிரட்டவில்லை. படித்துப் பார்த்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு அம்மா, "அழ வந்தவன் கையில என்ன வச்சிருக்கான்னு சோதிப்பாங்களாடி?" என்றார். எங்கள் ஊரில் துக்கத்துக்கு வந்தவர் சொல்லைத் தட்டுவதில்லை. நினைவுக்காகக் கேட்கிறார் என்றே அப்பா நம்பினார். அந்தப் பெயரை நாங்களே வைத்துக்கொள்ள முடியாமல் போகும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

5. இம்மாத இறுதிக்குப் பிறகு அம்மாவின் கடைப் பலகையிலோ டப்பாவிலோ அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. சந்தைக் காவலர் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, ஆறுதலாக, "எழுதத்தான் கூடாதுக்கா. வாயால கூப்பிட்டுக்கலாம்" என்றார். அம்மா, "கூப்பிட்டா வருவாளா, சொல்லு" என்று கேட்டார். அவர் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு கிலோ தேன் வாங்கிக்கொண்டு போனார்.

6. அவர்கள் தேன் மோசமானது என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் போன வாரம் பேருந்தில் அவர்களுடைய காலி டப்பா ஒன்று பயணிகளின் கால்களுக்கிடையே உருண்டுகொண்டிருந்தது. அப்பா குனிந்து எடுத்து, கோட்டால் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டு அலமாரியில் இப்போது அப்படிப் பல டப்பாக்கள் இருக்கின்றன. தூக்கி எறியச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே, அந்தச் சம்மதம் எந்த நிலையில் பெறப்பட்டது என்பதை அப்பாவை நேரில் அழைத்துக் கேட்டறிந்து, பதிவை ரத்து செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சட்டம் அதற்கு இடம் தராவிட்டால், அம்மாவின் ஒரே ஒரு கடையில் மட்டுமாவது அந்தப் பெயர் இருக்க அனுமதி பெற்றுத் தர வேண்டுகிறேன். பணம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

நாள்: 30.09.2019
இடம்: மாவட்டச் சந்தை, நாரின்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜ. புருலாய்

பின்குறிப்பு: இதை அம்மாவின் கடையில் உட்கார்ந்து எழுதினேன். கெடு இன்றோடு முடிகிறது. பலகையைக் கழற்ற அப்பா ஏணியில் ஏறினார், கழற்றாமலே இறங்கிவிட்டார். அம்மா அதன் மேலிருந்த விளக்குகளை அணைத்துவிட்டார்.