பழைய விலாசத்துக்கு வந்த பார்சல்

செல்லக் கழுதைக்கு,

நீ ஆன்லைனில் வாங்கிய புத்தகம் நம் கடைக்கே வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் விலாசத்தை மாற்றவில்லையா நீ? "புத்தகக் கடைக்கே புத்தகமா சார்?" என்று டெலிவரிக்காரர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உறையின் மூலை கிழிந்திருந்தது. தலைப்பை நான் பார்க்கவில்லை. ஆனால் அதே புத்தகம் நம் அலமாரியில் மூன்று இருக்கிறது, வந்து எடுத்திருக்கலாம். 'இந்தக் கடைப்படி ஏறாதே' என்று சொன்ன வாய் என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

உன் அம்மாவும் தலைப்பைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து கடையில் உட்கார்ந்து, கைக்குழந்தைகளுக்கான துணிப் புத்தகங்களை, கடித்தால் தாங்குமா என்று இழுத்து இழுத்துப் பார்க்கிறாள்.

விலாசத்தை மாற்றாதே. பார்சலை அனுப்பமாட்டேன், மாப்பிள்ளையோடு வந்து வாங்கிக்கொள். பஸ்ஸில் மட்டும் வராதே, ரொம்பக் குலுக்கும்.

உன் அப்பா